சராசரி சரி, சாய்வு தப்பு: புரோமோதைமால் புளூ கணக்கில் எங்கே கோளாறு?

ஈசூன்வாசி | செவ்வாய், இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. ஆனால் எனக்குக் குழப்பம் வந்தால் அது தமிழில்தான் வருகிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

போன வாரச் செய்முறையில் புரோமோதைமால் புளூ என்ற நிறங்காட்டியின் (பிஎச் என்ற அமில-கார அளவுக்கு ஏற்ப நிறம் மாறும் பொருள்) அமிலப் பிரிகை மாறிலியை, அதாவது பிகேஏவை, நிறமாலை ஒளிமானியால் (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) கண்டுபிடிக்க வேண்டும். மஞ்சள் வடிவமும் நீல வடிவமும் சரிபாதியாக இருக்கும் பிஎச்தான் பிகேஏ. வெவ்வேறு பிஎச்சில் நிலையாக நிற்கும் பாஸ்பேட் தாங்கல் கரைசல்கள் ஐந்து தயாரித்தேன். ஒவ்வொன்றிலும் 10 மில்லிலிட்டர் எடுத்து, 0.50 மில்லிலிட்டர் காட்டிக் கரைசல் விட்டேன். மஞ்சளில் தொடங்கிப் பச்சை வழியாக நீலம் வரைக்கும் ஐந்து குழாய்களும் வரிசையாக நின்றதைப் பார்த்து, பக்கத்து மேசைக்காரர்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

616 நானோமீட்டரில் கிடைத்த உறிஞ்சளவுகள்:

பிஎச் 6.00 — 0.076
பிஎச் 6.60 — 0.226
பிஎச் 7.00 — 0.401
பிஎச் 7.40 — 0.605
பிஎச் 8.00 — 0.800

அந்த அலைநீளத்தில் நீல வடிவம்தான் ஒளியை விழுங்கும், மஞ்சள் வடிவம் ஏறக்குறைய சும்மா இருக்கும். ஆகவே 6.00 குழாயை முழு மஞ்சள் என்றும் 8.00 குழாயை முழு நீலம் என்றும் எடுத்துக்கொண்டு, நடுவிலுள்ள மூன்றுக்கும் சூத்திரத்தைப் போட்டேன்:

பிகேஏ = பிஎச் − மடக்கை [(உறிஞ்சளவு − மஞ்சள் எல்லை) ÷ (நீல எல்லை − உறிஞ்சளவு)]

விடைகள் 7.18, 7.09, 6.97. சராசரி 7.08. பாடப்புத்தகத்தில் 7.1 என்று இருக்கிறது. ஆசிரியர் பார்த்துவிட்டு, "அருமை, எழுதி முடி" என்றார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மூன்று விடைகளும் மாடிப்படி மாதிரி இறங்குகின்றன. மடக்கையைப் பிஎச்சுக்கு எதிராக வரைந்தால் நேர்கோட்டின் சாய்வு 1 வர வேண்டும், எனக்கு 1.27 வருகிறது. நான் வீணாகக் கவலைப்படுகிறேனா?

மடக்கைப்பித்தன் | செவ்வாய், இரவு 10:05

வீண் கவலைதான். 7.08க்கும் 7.1க்கும் 0.02 வித்தியாசம். இரண்டாம் ஆண்டு மாணவனின் பிஎச் மீட்டரே அதற்குமேல் ஆடும். மூன்று புள்ளிகளை வைத்துக்கொண்டு சாய்வைப் பற்றிப் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம். அளவீட்டில் கொஞ்சம் முன்பின் இருக்கத்தான் செய்யும். அறிக்கையைக் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள்.

ஆய்வக அக்கா | செவ்வாய், இரவு 10:31

பித்தன் அவர்களே, அளவீட்டுச் சிதறல் குடிகாரன் நடை மாதிரி இரு பக்கமும் போகும். படி இறங்குவது போல ஒரே திசையில் போகாது. தம்பியின் மூக்கு சரியாகத்தான் மோப்பம் பிடித்திருக்கிறது.

தம்பி, முதலில் சில்லறைக் கேள்விகள். பதினெட்டு வருடமாக மாணவர்களுக்கு ஆய்வகம் தயார் செய்துகொடுப்பவள் நான், அதனால் என் புத்தி அழுக்கு, ஈரம் என்றுதான் போகும். பிஎச் மீட்டரை அன்றைக்கே தரப்படுத்தினீர்களா? தாங்கல் கரைசலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குவெட்டில் (ஒளிமானிக்குள் வைக்கும் சிறு குப்பி) ஊற்றினீர்களா?

இந்தக் கடைசிக் கேள்வி ஈரக்காற்று நிறைந்த நம் சிங்கப்பூருக்கென்றே உள்ள வியாதி. சில்லென்ற கரைசலை ஊற்றியதும், ஒளி போகிற பக்கத்தில் கண்ணாடியில் மூச்சு விட்டது போல மெல்லிய பனி படரும். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஒளிமானி பாவம், பனியையும் நிறம் என்று எண்ணிக்கொள்ளும். திரையில் எண் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கும், மாணவன் அது எங்கே நிற்கிறதோ அங்கே எழுதிக்கொள்வான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு குழு இதனால் ஒரு பிற்பகல் முழுவதும் வீணடித்தது. இன்னொரு பெண் பிளாஸ்டிக் குவெட்டை அசிட்டோனில் கழுவிப் பால் போல் வெளுக்க வைத்தாள். அவள் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஈசூன்வாசி | செவ்வாய், இரவு 10:44

அக்கா, மீட்டரை அன்று காலை 4.01, 7.00, 10.01 மூன்றிலும் தரப்படுத்தினேன். கரைசல்கள் அறை வெப்பநிலையில் இருந்தன. குவெட் கண்ணாடி, ஒன்றையே ஐந்துக்கும் பயன்படுத்தினேன், ஒவ்வொரு முறையும் அடுத்த கரைசலாலேயே இரண்டு தடவை அலசினேன்.

ஆய்வக அக்கா | செவ்வாய், இரவு 10:50

அப்படியானால் கை சுத்தம். கோளாறு கணக்கில் இருக்கிறது. வாத்தியார் ஐயா விழித்திருந்தால் வருவார்.

பழைய வாத்தியார் | புதன், காலை 6:15

விழித்திருக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் காலை ஐந்தரைக்கு எழுந்துகொள்ளும் கெட்ட பழக்கம் மட்டும் போகவில்லை.

தம்பி, உங்கள் பிழை ஒரே வாக்கியத்தில் இருக்கிறது: "6.00 குழாயை முழு மஞ்சள் என்றும் 8.00 குழாயை முழு நீலம் என்றும் எடுத்துக்கொண்டு." யார் சொன்னது அவை முழு என்று? உங்கள் கண். கண்ணை நம்பாமல் இருப்பதற்காகத்தானே ஒளிமானிக்கு முன்னால் உட்கார்ந்தீர்கள்?

பிகேஏ 7.1 என்றே வைத்துக்கொள்வோம். பிஎச் 6.00 அதற்கு 1.1 அலகு கீழே. 10இன் அடுக்கு 1.1 என்றால் 12.6. அதாவது 12.6 பங்கு மஞ்சளுக்கு 1 பங்கு நீலம், மொத்தத்தில் 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல் நீலம். மறுபக்கம் பிஎச் 8.00, 0.9 அலகு மேலே. 8 பங்கு நீலத்துக்கு 1 பங்கு மஞ்சள். முழு நீலம் என்று நீங்கள் வைத்த குழாயில் ஒன்பதில் ஒரு பங்கு இன்னும் மஞ்சளாகவே உட்கார்ந்திருக்கிறது. நீலத்துக்குள் அந்த மஞ்சள் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்து மேசையின் கைப்பேசிக்கும் தெரியாது.

இது சாய்வை ஏன் கூட்டுகிறது? 7.40 குழாயை எடுங்கள். சூத்திரத்தின் கீழ்ப்பகுதியில் (நீல எல்லை − உறிஞ்சளவு) இருக்கிறது. நீல எல்லையைக் குறைத்து வைத்ததால் அந்தக் கழித்தல் விடை சுருங்கிப்போகிறது, ஆகவே விகிதம் பெருக்கிறது. 6.60 குழாயில் மேல்பகுதி சுருங்கி, விகிதம் சிறுக்கிறது. ஒரு முனை மேலே ஏற, மறுமுனை கீழே இறங்க, நடுப்புள்ளி மட்டும் அசையாமல் நிற்க, கோடு செங்குத்தாகிறது. உங்கள் 1.27 அதுதான். இந்தக் காட்டி ஒரு புரோட்டானைத்தான் இழக்கிறது, ஆகவே சாய்வு 1க்கு அருகில் வந்தே தீர வேண்டும்.

சராசரி எப்படி 7.08 ஆனது என்று கேட்பீர்கள். அதிர்ஷ்டம், அவ்வளவுதான். 6உம் 8உம் 7.1க்கு ஏறக்குறைய சம தூரத்தில் இருந்ததால், மேல் பிழையும் கீழ்ப் பிழையும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. நம்பவில்லையா? உங்களிடம் 6.00 குழாயே இல்லை, 6.60ஐத்தான் மஞ்சள் எல்லையாக வைத்தீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதே எண்களைப் போட்டுப் பாருங்கள்: 7.00 குழாய் 7.36 தரும், 7.40 குழாய் 7.11 தரும். சராசரி 7.23 ஆகிவிடும். அதே கரைசல், அதே குவெட், அதே ஒளிமானி. எல்லையை மாற்றியதும் மாறிலி மாறிவிட்டது. மாறிலிக்கு அது அழகா?

செய்ய வேண்டியது இரண்டே குழாய்கள். அதே அளவு காட்டி, ஒன்றைப் பிஎச் 4 பக்கம் கொண்டுபோங்கள், மற்றதைப் பிஎச் 10க்கும் 11க்கும் இடையில். மூன்று அலகு தள்ளி நின்றால் மறுவடிவம் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பழைய ஐந்து அளவீடுகளையும் தூக்கிப் போட வேண்டாம்.

மடக்கைப்பித்தன் | புதன், காலை 8:52

எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7.36, 7.11 இரண்டும் அப்படியே வருகின்றன. நேற்றைய அறிவுரையை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனாலும் ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது. கூடுதல் குழாய் எதற்கு? ஐந்து புள்ளிகள் இருக்கின்றன, தெரியாதவை மூன்றுதான்: இரண்டு எல்லைகளும் பிகேஏவும். கணினியில் வளைகோட்டைப் பொருத்தினால் மூன்றும் சேர்ந்தே கிடைத்துவிடுமே.

பழைய வாத்தியார் | புதன், காலை 9:30

கிடைக்கும். ஆனால் கணினி எல்லைகளை ஊகித்துச் சொல்லும், குழாய் அளந்து சொல்லும். பத்து நிமிடத்தில் அளக்க முடிந்ததை ஊகிப்பானேன்? அளந்துவிட்டுப் பிறகு வளைகோட்டையும் பொருத்துங்கள், இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. கண்ணுக்குத் தெரியாத பிழைகளை மென்பொருள் ஒரு வழுவழுப்பான கோட்டுக்குள் மூடி மறைத்துவிடும் என்பதை என் பழைய மாணவர்களின் அறிக்கைகளில் நிறையப் பார்த்தவன் நான்.

ஒரு எச்சரிக்கை. மஞ்சள் எல்லைக்கு அமிலம் விடும்போது ஒரு துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும். "முழு" என்றால் முழுதாகட்டும் என்று அடர் அமிலத்தை ஊற்றாதீர்கள். மிகக் கடும் அமிலத்தில் இந்தக் காட்டி இன்னொரு புரோட்டானையும் பிடித்துக்கொண்டு கருஞ்சிவப்புப் பக்கம் போய்விடும். அது வேறு சமநிலை.

சங்குப்பூ | புதன், பிற்பகல் 1:20

நான் விஞ்ஞானக்காரி அல்ல, வீட்டில் குவே என்ற மலாய்ப் பலகாரம் செய்து விற்பவள். இந்த இழையை என் மகள் காட்டினாள், உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். புலுட் இந்தி என்ற நீல நிறப் பசையரிசிப் பலகாரத்துக்கு நான் சங்குப்பூச் சாறுதான் ஊற்றுகிறேன், மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்பார்கள். எலுமிச்சை பிழிந்தால் ஊதா ஆகிறது. ஆலம் கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால் சிவப்பாகிறதே, அதுவும் இதே வித்தைதானே? பள்ளித் திட்டத்துக்கு மகள் சங்குப்பூவின் பிகேஏவைக் கண்டுபிடிக்கலாமா?

ஆய்வக அக்கா | புதன், பிற்பகல் 2:02

வாங்க அம்மா. நிறம் மாறுவது அதே குடும்பத்து வித்தைதான். ஆனால் மாறிலி என்று ஒற்றை எண் கேட்டால் இரண்டுமே கைவிரித்துவிடும்.

புரோமோதைமால் புளூவில் இரண்டே ஆட்கள், மஞ்சள் ஒருவர், நீலம் ஒருவர். ஒருவர் குறைந்தால் மற்றவர் கூடுவார். எல்லாப் பிஎச்சிலும் முழு நிறமாலையை வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், எல்லாக் கோடுகளும் 500 நானோமீட்டர் பக்கத்தில் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் இருவரும் சமமாக ஒளியை விழுங்குகிறார்கள் என்று அர்த்தம். சம உறிஞ்சல் புள்ளி என்பார்கள். மூன்றாம் ஆள் உள்ளே வந்தால் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும்.

சங்குப்பூச் சாற்றில் ஒரு நிறமியல்ல, ஒரு கூட்டமே இருக்கிறது. ஒவ்வொன்றும் படிப்படியாகப் பல புரோட்டான்களை விடும். கடும் புளிப்பில் சிவப்பு, பிறகு ஊதா, நீலம், காரத்தில் பச்சை என்று அது போகிற போக்கே சொல்லிவிடும். மஞ்சள்தூள் இன்னும் மோசம். அதன் நிறமியான குர்க்குமின் சுண்ணாம்பில் சிவந்தபின் காரத்தில் நிலைக்காது, நீங்கள் அளந்துகொண்டிருக்கும்போதே சிதையும். ஆலம் சுற்றிக் கொட்டுகிற வரைக்கும் தாங்கும், அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

மகளை நிறவரிசை அட்டை ஒன்று தயாரிக்கச் சொல்லுங்கள். அவள் வயதுக்கு அது நல்ல வேலை.

உப்புத்தண்ணீர் | புதன், இரவு 8:17

நான் கடல்நீர் வேதியியலில் இருக்கிறேன். சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகேறும் நாள்களில் என் சட்டைப்பை முழுவதும் உப்புதான். ஈசூன்வாசி, உங்கள் கணக்கை நாங்கள் தலைகீழாகப் போடுகிறோம். மெட்டா கிரெசால் பர்ப்பிள் என்ற காட்டியின் மாறிலியை மிக நுணுக்கமாக அளந்து வைத்திருக்கிறார்கள். அதைக் கடல்நீரில் விட்டு, 434, 578 நானோமீட்டரில் அளந்து, அந்த விகிதத்திலிருந்து நீரின் பிஎச்சைக் கண்டுபிடிப்போம்.

அதனால் இரண்டு விஷயம் சொல்லலாம்.

ஒன்று, காட்டித் தூளின் சுத்தம். குப்பிக்குக் குப்பி அழுக்கு மாறும். அந்த அழுக்கும் 434 பக்கத்தில் ஒளியை விழுங்கி விடையை நகர்த்தும். உங்கள் செய்முறைக்கு அது பெரிதல்ல, எங்களுக்குப் பெரிது.

இரண்டாவதை யாரும் இங்கே தொடவில்லை: உப்பு. சில புத்தகங்களில் இந்தக் காட்டிக்கு 7.1 என்றும் வேறு சிலவற்றில் 7.3 என்றும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் அச்சுப்பிழை அல்ல. மஞ்சள் வடிவத்துக்கு ஓர் எதிர்மின்சுமை, நீல வடிவத்துக்கு இரண்டு. கரைசலில் உப்பு அயனிகள் கூடினால், அவை இரட்டைச் சுமைக்காரரைச் சுற்றி நின்று அதிகமாகத் தாங்கிப் பிடிக்கும். ஆகவே நீலம் முன்கூட்டியே தலைகாட்டும், பிகேஏ இறங்கும். 7.3 உப்பே இல்லாத கற்பனைக் கரைசலுக்கு, 7.1 அயனி வலிமை (அயனிகளின் செறிவையும் சுமையையும் சேர்த்துச் சொல்லும் அளவு) 0.1 போலுள்ள கரைசலுக்கு.

உங்கள் பாஸ்பேட்டின் செறிவு என்ன? 0.1 மோலார் என்றால், இரண்டு பாஸ்பேட்டும் சரிபாதி இருக்கும்போது அயனி வலிமை 0.2. பிஎச் கூடக் கூட இரட்டைச் சுமை பாஸ்பேட் கூடுவதால் அயனி வலிமையும் குழாய்க்குக் குழாய் ஏறும். அதுவும் சாய்வைக் கொஞ்சம் கெடுக்கும்.

ஈசூன்வாசி | புதன், இரவு 9:05

மூலக் கரைசல் 0.025 மோலார் பாஸ்பேட். கையேட்டில் சோடியம் குளோரைடு சேர்த்து அயனி வலிமையை எல்லாவற்றிலும் 0.1 ஆக்கச் சொல்லியிருந்தார்கள், சேர்த்தேன். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதுதான் புரிகிறது.

வெள்ளிக்கிழமை ஆய்வகம் காலியாக இருக்கிறது, அனுமதி வாங்கிவிட்டேன்.

ஆய்வக அக்கா | புதன், இரவு 9:20

வெள்ளிக்கிழமை குளிர்சாதனத்தைக் கூட்டிக் குறைக்காதீர்கள். பாஸ்பேட் வெப்பத்துக்கு அதிகம் அசையாது என்பதால் பிழைத்தீர்கள். டிரிஸ் தாங்கலாக இருந்தால் ஒரு பாகைக்கு 0.03 அளவுக்குப் பிஎச் நகரும். 24 பாகை அறையில் கலக்கி 31 பாகைத் தாழ்வாரத்தில் அளந்தால் 0.2 போய்விடும்.

ஈசூன்வாசி | வெள்ளி, மாலை 5:48

முடித்துவிட்டேன். மஞ்சள் எல்லை 0.011, நீல எல்லை 0.897. அளந்ததும் உட்கார்ந்துவிட்டேன். 0.800தான் உச்சி என்று நினைத்திருந்தேனே!

பழைய ஐந்து அளவீடுகளையும் இந்த எல்லைகளோடு போட்டதில்:

6.00 — 7.10
6.60 — 7.09
7.00 — 7.10
7.40 — 7.09
8.00 — 7.09

6.60க்கும் 7.40க்கும் இடையே சாய்வு 1.00. முன்பு எல்லை என்று பலியிட்ட இரண்டு குழாய்களும் இப்போது விடை சொல்கின்றன.

ஒரு சந்தேகம். முழு நிறமாலையையும் வரைந்தேன். நான்கு கோடுகள் 500 பக்கத்தில் ஒரே முடிச்சாக விழுகின்றன. 7.40 கோடு மட்டும் எல்லா இடத்திலும் மயிரிழை மேலே ஓடுகிறது. மூன்றாம் ஆள் யாராவது வந்துவிட்டாரா?

ஆய்வக அக்கா | வெள்ளி, மாலை 6:10

மூன்றாம் ஆள் உங்கள் பிப்பெட், காட்டியை அளந்து விட்ட குழல். அந்தக் குழாயில் காட்டி இம்மியளவு கூடுதலாக விழுந்திருக்கிறது. வடிவம் மாறாமல் கோடு முழுவதும் உயர்ந்தால் அளவுப் பிழை, ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தால்தான் வேறு பொருள். 500இல் அந்தக் கோடு மற்ற கோடுகளைப் போல எத்தனை மடங்கு இருக்கிறதோ, அந்த விகிதத்தால் அந்தக் குழாயின் அளவீட்டை வகுத்துச் சரிசெய்யலாம்.

பழைய வாத்தியார் | வெள்ளி, இரவு 7:35

நல்லது தம்பி. 6.00, 8.00 இரண்டும் ஒத்துப்போகின்றன என்பதற்காக அவற்றுக்குச் சம மரியாதை கொடுத்துவிடாதீர்கள். 6.00 குழாயில் விரல்ரேகை ஒன்று பட்டு 0.02 கூடினால் விடை 7.10இலிருந்து 6.97க்கு விழும். அதே 0.02 உங்கள் 7.00 குழாயில் கூடினால் 7.06 பக்கம் நிற்கும். பிகேஏவுக்கு அருகில் எடுத்த புள்ளிகள்தான் கனமானவை.

அறிக்கையில் இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து காட்டுங்கள், 1.27 ஆனதும் 1.00 ஆனதும். ஆசிரியரிடம் வாதாட வேண்டியதில்லை, தாள் பேசிக்கொள்ளும்.

மடக்கைப்பித்தன் | வெள்ளி, இரவு 8:20

வளைகோட்டையும் பொருத்திப் பார்த்தேன், எல்லைகள் உங்கள் இரண்டு குழாய்களுக்குப் பக்கத்திலேயே வந்தன. வாத்தியாருக்கு நிம்மதி, எனக்கும் கொஞ்சம் மானம் மிச்சம்.

சங்குப்பூ | சனி, காலை 7:55

நேற்று இரவு மகள் ஆறு தம்ளரில் வரிசை வைத்தாள். எலுமிச்சை, புளி, வெறும் தண்ணீர், சோடா உப்பு என்று போய், கடைசித் தம்ளரில் குவேக்கு வைத்திருந்த காரத் தண்ணீர். அது நல்ல பச்சையாக இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் மஞ்சள்! மற்ற ஐந்தும் அப்படியே இருக்கின்றன. இதற்குப் பிஎச் மாறிவிட்டதா?

ஆய்வக அக்கா | சனி, காலை 8:12

பிஎச் மாறவில்லை அம்மா, நிறமியே உடைந்துவிட்டது. எலுமிச்சை விட்டாலும் இனி நீலத்துக்குத் திரும்பாது. விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு தம்ளரை நன்றாகக் கழுவிவிடுங்கள்.